கதை மட்டும் போதுமா? திரைப்படத் தேர்வுக்குச் சில குறிப்புகள்



முதலாம் ஆண்டில் திரைப்படக் கல்வித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியும் நான் தேர்ச்சி பெறவில்லை. தமிழ்ப்பள்ளி நாள் முதல் கதைச்சுருக்கம் எழுதிப் பழகிய கை, அங்கும் கதையையே எழுதியது.

விட்டோரியோ டி சிக்கா 1948இல் இயக்கிய 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தை எடுத்துக்கொள்வோம். அடகிலுள்ள மிதிவண்டியை மீட்க, மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். "அவர்கள் ஏழைகள்" என்று எழுதினால் அது கதை. கடைப் பணியாள் அந்த மூட்டையோடு உயரமான அடுக்குகளில் ஏறுகிறார். கேமராவும் அவரைத் தொடர்ந்து மேலே செல்கிறது. எங்கும் பிறர் அடகு வைத்த மூட்டைகள்! ஊரே வறுமையில் வாடுவதை வசனமின்றிக் காட்சியே உணர்த்துகிறது. இதை எழுதுவதே திறனாய்வு.

முதலில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளைப் படிப்பதிலேயே என் கண் இருந்தது.

ஆகவே, படத்தை இருமுறை பாருங்கள். இரண்டாம் முறை அவ்வரிகளை நிறுத்திவிடுங்கள். என்ன காட்டப்பட்டது, எப்படிக் காட்டப்பட்டது, எதற்காக என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுதேர்வில் என்னைக் கரை சேர்த்தது இப்பழக்கமே. உங்களுக்கும் கைகொடுக்கும்.