வாடாவுக்கு என்ன விலை வைப்பது?



"இருபடிச் சமன்பாடு படித்து என்ன செய்யப் போகிறோம்?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு நம் காரைக்கால் தெருக்களில் போடும் வாடாக் கடையை வைத்தே பார்ப்போம்.

ஒரு வாடாவின் அடக்கம் 6 ரூபாய், 10 ரூபாய்க்கு விற்றால் 200 போகிறது, ரூபாய்க்கு ரூபாய் விலை கூட்டினால் 20 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் கடையின் எண்ணிக்கை வேறாக இருக்கும், நான்கு நாள் நோட்டில் எழுதி வைத்தால் தெரிந்துவிடும்.) கூட்டும் ரூபாயை 'க' என்போம்.

இலாபம் = (4 + க)(200 − 20க) = 800 + 120க − 20க²

இதையே 980 − 20(க − 3)² என்றும் எழுதலாம். வர்க்கம் ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே க = 3 ஆகும்போதுதான் உச்சம்: விலை 13, விற்பனை 140, இலாபம் 980. விலையை 16 ஆக்கினால் இலாபம் பழையபடி 800தான்! கடை வாடகை எவ்வளவானாலும் கையில் நிற்கும் தொகைதான் குறையும். உச்ச விலை மாறாது.

இப்படி வர்க்கமாக்கும் முறையைப் படம் வரைந்து விளக்கியவர், கலீஃபா மஃமூன் காலத்துப் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி. க² + 10க = 39 என்ற கணக்கில், ஒரு சதுரத்தின் இரு பக்கம் 5 அகலப் பட்டைகளை ஒட்டி, மூலையில் குறைந்த 25-ஐ நிரப்பினார். மொத்தம் 64; பெரிய சதுரத்தின் பக்கம் 8; ஆகவே க = 3. அவருடைய நூற்பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. அந்நூலில் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்கு என்பதை ஃபராயிள் ஓதும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

கடைக்காரர்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. விலை 12 என்றாலும் 14 என்றாலும் இலாபம் 960. ஆனால் 12-க்கு 160 வாடா போகும், 14-க்கு 120தான். உச்சத்தை விட்டு ஒரு ரூபாய் இறங்கினால் நமக்கு 20 ரூபாய்தான் குறைகிறது. இன்னும் 20 வாடா நோன்பாளிகள் கைக்குப் போகிறது. நான் 12 என்றே வைப்பேன்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: எண்ணெய் விலை ஏறி அடக்கம் 8 ரூபாய் ஆனால் உச்ச இலாபத்துக்கான விலை என்ன? 15 என்று சொல்லத் தோன்றும். செய்து பாருங்கள், 14 வரும், இலாபம் 720.