போன் முதுகில் ஒட்டிய துண்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பத்தனைச் சந்தியில் கடை எடுத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். கண்ணாடிப் பெட்டியும் ஹீட் கன்னும் வாங்கியாகிவிட்டது, பெயர்ப் பலகைதான் பாக்கி என்றார். இரண்டு வருடம் ஹட்டனில் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து வேலை பழகியவள் நீ. டிஸ்ப்ளே கழற்றும்போது உன் கையில் இருக்கிற நிதானத்தைப் பார்த்துப் பல தடவை சந்தோஷப்பட்டிருக்கிறேன். கைவேலையில் உனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நான் சொல்லித் தராமல் விட்டது வேறு ஒன்று. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ரிப்பேருக்கு வரும் போனை வாங்கி வைக்கும்போது நாம் என்ன செய்வோம்? சின்னதாக ஒரு துண்டு கிழித்து, ஒன்பது புள்ளி போட்டு, பேட்டர்னை அம்புக்குறியோடு வரைந்து, போனின் முதுகில் ஒட்டுவோம். பின் நம்பர் என்றால் நம்பரையே எழுதுவோம். கீழே பெயர், தோட்டம், டிவிசன். அந்தப் போன் மூன்று நாள், நாலு நாள் மேசையில் கிடக்கும். ரீலோட் போட வந்து நிற்கிற பையன்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலிலேயே தொங்கவிட்ட மாதிரி.

புதுப் போனுக்கு இன்னொரு வழக்கம். கொழுந்து எடுக்கிற அக்காமாருக்குக் கூகுள் எக்கவுண்ட் திறக்கத் தெரியாது என்று நாமே திறந்து கொடுப்போம். பாஸ்வேர்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரி, கடைப் பெயரும் மூன்று இலக்கமும். மீட்பு நம்பர் கேட்டால் கடை நம்பர். எல்லாவற்றையும் நீல மட்டைக் கொப்பியில் எழுதி வைத்தேன். மறந்துபோய் வந்து கேட்டால் உதவியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நீ வேலைக்கு வருவதற்கு முந்திய வருடம் ஒருவர் கடைக்கு வந்தார். போன் பெட்டியும் பில்லும் கையில் இருந்தன. "போன் தொலஞ்சு போச்சுண்ணே, எங்க கெடக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். பில்லில் இருந்தது அவர் மனைவியின் பெயர். கொப்பியைப் புரட்டினேன், எக்கவுண்டைத் திறந்தேன், போனைத் தேடும் பக்கத்துக்குப் போனேன். வத்தளையில் ஒரு குறுக்குத் தெருவில் போய் நின்றது அந்தக் குறி. அவர் தன் போனால் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிட வேலை. காசுகூட வாங்கவில்லை.

அந்தப் போன் தொலையவில்லை, தங்கச்சி. அடி தாங்காமல் வீட்டை விட்டுப் போன ஒரு பெண்ணின் கைப்பையில் இருந்தது. சில மாதம் கழித்து அவள் கடை வாசலுக்கு வந்தாள். மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டிருந்தது. சத்தம் போடவில்லை. "நான் எங்க இருக்கேன்னு ஒங்க கடையிலதான் காட்டிக் கொடுத்தாங்களாம். அப்படியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நான் தர வேண்டிய அந்தப் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.

லொகேஷன் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் வெளிநாட்டுக் கம்பனிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் அவளைக் காட்டிக் கொடுத்தது என் கொப்பி.

நம் பாட்டன் பூட்டன் காலத்துத் துண்டு முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். ஓர் ஆள் எங்கே இருக்கலாம், எங்கே போகலாம் என்பதை இன்னொருவர் கையில் இருந்த ஒரு துண்டுக் கடதாசி முடிவு செய்தது. போன் முதுகில் ஒட்டிய துண்டைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே உன் கடையில் துண்டு ஒட்டாதே. சார்ஜிங் பின் மாற்றவும் பற்றரி மாற்றவும் யாருடைய பூட்டும் உனக்குத் திறக்க வேண்டாம். டச் பார்க்க வேண்டுமானால் அவசர அழைப்புப் பக்கத்தில் இலக்கங்களை அழுத்திப் பார்க்கலாம். கமராவும் பெரும்பாலான போன்களில் பூட்டிய திரையிலேயே திறக்கும். மிச்சத்தை அவர்கள் எடுக்க வரும்போது அவர்கள் விரலாலேயே திறந்து காட்டட்டும். சாம்சுங் 2022இலும் பிக்சல் 2023இலும் ரிப்பேருக்கென்றே ஒரு மோட் கொண்டுவந்தன. அதைப் போட்டால் படங்களும் மெசேஜ்களும் நம் கண்ணில் படாது. அது இருக்கிற போன் என்றால் போட்டுத் தரச் சொல்லிக் கேள்.

எக்கவுண்ட் திறக்கும்போது பாஸ்வேர்டை அவர்கள்தான் அடிக்க வேண்டும். ஆங்கில எழுத்துத் தேடித் தேடி அழுத்த கால் மணி நேரம் போகும், வரிசை நீளும். போகட்டும், நீ வாசலைப் பார்த்துக்கொண்டு நில். மறந்துவிடும் என்று பயந்தால் தன் கையால் எழுதி, அடையாள அட்டை வைக்கிற பெட்டியில் வைக்கட்டும். மீட்பு நம்பர் அவருடைய சிம், அந்த சிம் அவருடைய பெயரில். பழைய போனோடு வருகிறவர்களுக்கு எக்கவுண்டின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தப் போனில் அது திறந்திருக்கிறது என்ற பட்டியலைக் காட்டு. மேப்ஸில் முகப்படத்தைத் தொட்டால் லொகேஷன் பகிர்வு வரும். தன் இடம் யாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அங்கே தெரியும்.

அப்படி ஒரு பெண்ணின் போனில் கணவனோ வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தால் உடனே துண்டித்துவிடாதே. இது முக்கியம். துண்டித்த அந்த நிமிடமே பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடலாம், அவள் அன்று இரவும் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். முதலில் அவளிடம் சொல். எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை அவள் சொல்லட்டும். பெண்களுக்கான உதவிக்கு 1938 என்ற இலக்கம் இருக்கிறது. அதை உன் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வை, யாருக்கென்று கேட்காமல் எல்லாரும் பார்க்கும்படி.

இனி ஆப்களுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் எல்லார் போனிலும் ஒரு டோர்ச் ஆப் இருந்த காலம் ஒன்று உண்டு. ராத்திரி லயத்துக்கு வெளியே இறங்க வெளிச்சம் வேண்டும், தேயிலை மலைக்குள் குறுக்கு வழியில் வரவும் வேண்டும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான போன்களில் இருந்த 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற அன்ட்ரொய்ட் ஆப், ஆட்களின் இடத்தையும் போனின் அடையாள இலக்கத்தையும் விளம்பரக் கம்பனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அதைப் பிடித்தது. வெளிச்சம் காட்ட அதற்கு இடம் எதற்கு? எந்த ஆப் லொகேஷன் கேட்டாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். உன்னிடம் வரும் போன்களில் தனி டோர்ச் ஆப் இருந்தால் எடுத்துவிடச் சொல், மேலிருந்து இழுத்தால் வரும் டோர்ச்சே போதும்.

இடம் உண்மையிலேயே தேவைப்படுகிற ஆப்பிலும் கவனம் வேண்டும். தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ'வுக்கு லொகேஷன் தேவைதான். ஆனால் அதிலிருந்து இடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வியாபாரிக்குப் போனதும், அந்த வியாபாரியிடம் வாங்கியவர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்ததும் 2020 நவம்பரில் வெளியே வந்தன. அடுத்த மாதமே கூகுளும் அப்பிளும் எக்ஸ்-மோட்டை ஆப்களிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டன.

செட்டிங்ஸுக்குள் லொகேஷன், அதற்குள் ஆப் அனுமதி என்று போனால் பட்டியல் வரும். 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 6க்கு முன்னால் இந்த வசதியே இல்லை, எல்லாவற்றுக்கும் சம்மதித்தால்தான் ஆப் இறங்கும். 10இல் 'பயன்படுத்தும்போது மட்டும்' வந்தது, 11இல் 'இந்த ஒரு தடவை மட்டும்', 2021இல் 12 வந்தபோது துல்லியமான இடமா தோராயமான இடமா என்று தெரிவுசெய்யும் வசதி. தோராயம் என்றால் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர். கொழும்பில் அந்த வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள், ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். திம்புள்ளயில் அதே வட்டத்துக்குள் தேயிலைதான் அதிகம், இரண்டு மூன்று லயன் வரிசைகள் இருக்கும், அவ்வளவுதான். நம் மலையில் தோராயம்கூடத் தோட்டத்தைச் சொல்லிவிடும். எந்த லயத்துக் காம்பரா என்பதைத்தான் சொல்லாது. இலக்கமும் தெருவும் இல்லாமல் இன்னமும் தோட்ட ஒபிசுக்குக் கடிதம் வருகிற வீடுகள் நம்முடையவை. தபால்காரருக்கே தெரியாத கதவை ஒரு கேம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மழை பார்க்கும் ஆப்புக்குத் தோராயம் கொடு, கேமுக்கு ஒன்றும் கொடுக்காதே, 'எப்போதும்' என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேள். விளம்பர ஐடியை அழிக்கும் பொத்தானும் பிரைவசிப் பக்கத்திலேயே இருக்கிறது, போன் கொடுக்கும்போதே அழித்துக் கொடு.

கடன் ஆப்களைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுத முடிகிறது. சம்பளத்துக்கு முந்திய வாரம்தான் ஆட்கள் அதை இறக்குகிறார்கள். பத்தாயிரம் ரூபாவுக்காக அது முதலில் கேட்பது கொன்டாக்ட் பட்டியல். நம் ஆட்களின் பட்டியலில் யார் இருப்பார்கள்? கங்காணி, கணக்கப்பிள்ளை, தலைவர், பிள்ளையின் டீச்சர், சம்பந்தி வீடு. தவணை ஒரு நாள் பிந்தினால் அத்தனை பேருக்கும் போன் போகும். இந்தியாவில் இப்படி அவமானப்பட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. 2022இல் இந்திய ரிசர்வ் வங்கி இதற்கென்று விதிகள் போட்டது. 2023 மே மாதத்திலிருந்து கடன் ஆப்கள் கொன்டாக்டையும் படங்களையும் துல்லியமான இடத்தையும் தொடக் கூடாது என்று கூகுளும் ப்ளே ஸ்டோரில் தடை போட்டது. அதனால்தான் இப்போது அவை வட்ஸ்அப் லிங்க்கில் வருகின்றன. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் போட்டுத் தரச் சொல்லி 200 ரூபா நீட்டுவார்கள். வாங்காதே. வாடகை கட்டக் கஷ்டமான மாதத்திலும் வாங்காதே.

நாட்டில் சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் ஆளின் இடத்தையும் தனிப்பட்ட தரவு என்றுதான் சொல்கிறது. அது பத்தனைச் சந்திவரை வந்து சேரும்வரை நீதான் அங்கே காவல்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். அந்த நீலக் கொப்பியில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு வரச் சொன்னேன். வந்தவர்களுக்கு நம்பரையும் பாஸ்வேர்டையும் மாற்றிக் கொடுத்து, அந்த வரியை அவர்கள் கண்முன்னே கிழித்தேன். இன்னும் சில பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. பலர் குவைத்திலும் கட்டாரிலும் வீட்டு வேலையில் இருக்கிறார்கள், சிலருடைய நம்பரே வேலை செய்யவில்லை. உன் பக்கத்து டிவிசன் ஆட்களும் அதில் உண்டு. பெயர்களை உனக்கு அனுப்ப மாட்டேன், அது இன்னொரு கொப்பியாகிவிடும். லீவில் வருகிறவர்கள் டிஸ்ப்ளே மாற்றவோ கவர் வாங்கவோ உன்னிடம் வருவார்கள். எக்கவுண்டை யார் திறந்து கொடுத்தது என்று கேள். ஹட்டன் கடையில் என்று சொன்னால் உட்கார வைத்து முதலில் அதை மாற்றிக் கொடு. காசு வாங்காதே, என் கணக்கில் எழுதிவை. மாதக் கடைசியில் வந்து கட்டுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்
ஹட்டன்