டர்போ காரின் மதகு

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையின்போது என் முன்னாள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில், பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்து, இப்போது துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் அவர். பிறர் பயன்படுத்திய டர்போ கார் ஒன்றைத் தவணைக்கு வாங்கியிருந்தார். தாய் தந்தையரை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலைக்குப் புறப்பட்டவர், பாதி ஏற்றத்தில் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. “சார், எண்ணெயை மிதித்தால் கார் பாய்கிறது. பாய்ந்த மறுகணமே யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தாற்போல் அடங்கிவிடுகிறது. மஞ்சள் விளக்கும் எரிகிறது” என்றார். மலையிறங்கி ஒரு பட்டறையில் காட்டியபோது, டர்போ முழுவதையும் மாற்ற வேண்டும், 5,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் இயந்திரத் தொழில் கற்றவனல்லன். பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவன். எனினும் அவர் கூறிய அடையாளங்கள் டர்போவின் மீதன்றி, டர்போவை அடக்கி ஆளும் சிறியதொரு வால்வின் மீதே எனக்கு ஐயத்தை உண்டாக்கின. இன்று நம் தோட்டப்புற இளைஞர்கள் பலரும் டர்போ கார்களை ஓட்டுகின்றனர். அந்த வால்வு யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்திருப்பது அவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

முதலில் எஞ்சின் மூச்சு விடுவதைப் பார்ப்போம். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே ஓர் எஞ்சின் எவ்வளவு பெட்ரோலை எரிக்க முடியும் என்பதை அது உள்ளிழுக்கும் காற்றின் அளவே தீர்மானிக்கிறது. சாதாரண எஞ்சின் தானாக இழுக்கும் காற்றோடு நின்றுவிடும். டர்போ எஞ்சினிலோ காற்று அழுத்தித் திணிக்கப்படுகிறது. அப்படித் திணிப்பதற்குரிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வீணாக வெளியேறும் புகையிலிருந்துதான். எரிந்த பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியைப் பிடித்து வேலை வாங்குவதே டர்போவின் சூட்சுமம்.

ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு விசிறிச் சக்கரங்கள் உள்ளன எனக் கொள்க. ஒன்று புகை செல்லும் வழியிலும் மற்றொன்று காற்று வரும் வழியிலும் இருக்கும். புகை முதல் சக்கரத்தைச் சுழற்ற, தண்டு சுழன்று, இரண்டாம் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சிறிய டர்போக்களில் இத்தண்டு நிமிடத்திற்கு 200,000 சுற்றுகளையும் எட்டுவதுண்டு. முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் புகையோ 900 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. இம்முறையைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி என்பவர் 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்று வைத்திருந்தார்.

இங்கேதான் ஓர் ஆபத்து எழுகிறது. காற்று கூடினால் பெட்ரோல் கூடும். பெட்ரோல் கூடினால் புகை கூடும். புகை கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். அதனால் மறுபடியும் காற்று கூடும். தடுப்பார் இல்லையென்றால் இந்தச் சுற்று எஞ்சினை உடைக்காமல் ஓயாது. அழுத்தம் அளவு மீறும்போது உருளைக்குள் இருக்கும் கலவை உரிய நேரத்திற்கு முன்பாகத் தானே வெடித்துத் தீப்பற்றும். சம்மட்டியால் அடிப்பது போன்ற அவ்வெடிப்பில் பிஸ்டன் விரிசல் காணும். சில வேளைகளில் உருகியும் போகும்.

பழைய தோட்டங்களில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்திய புகைக்கூடத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். பல தோட்டங்களில் இன்று அது இல்லை. ஆயினும் அதில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அடுப்பில் விறகு எரிவது ஒருபுறம் இருக்க, கூரைக் காற்றுவழியை எப்போது எவ்வளவு திறப்பது என்பதில்தான் அவர்களுடைய திறமை அடங்கியிருந்தது. உள்ளே சூடு 60 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். திறப்பு போதாவிட்டால் ஷீட்டுகள் வெந்து கொப்புளிக்கும், மிகுந்தால் உலராது. டர்போவில் அந்தக் கூரைக் கதவின் வேலையைச் செய்வதுதான் நாம் கூற வந்த வால்வு. பட்டறைக்காரர்கள் இதனை ‘வேஸ்ட்கேட்’ என்பர். குளத்தில் நீர் மிகும்போது திறந்துவிடும் மதகை ஒத்திருப்பதால், நாம் இதனை மதகு என்றே அழைப்போம்.

புகைச் சக்கரம் இருக்கும் இரும்புக் கூட்டின் பக்கச் சுவரில் ஒரு துளை உண்டு. அதை மூடியிருக்கும் மடல், நாணயத்தைப் போன்ற சிறு வட்டத் தகடு. மடல் மூடியிருக்கும்போது புகை முழுவதும் சக்கரத்தின் வழியாகவே சென்றாக வேண்டும். மடல் திறந்தால் புகையின் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமல் பக்கவழியாகச் சென்று புகைக்குழாயில் கலந்துவிடும். சக்கரத்தின் வேகம் அந்த அளவிற்கு மட்டுப்படும்.

மடலைத் திறப்பது யார்? பெரும்பாலான கார்களில் டர்போவை ஒட்டி, சிறிய டப்பா ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே ரப்பர் போன்ற ஒரு சவ்வும், அதை ஒருபுறமாகத் தள்ளி நிற்கும் சுருள்வில்லும் உள்ளன. சவ்விலிருந்து ஒரு கம்பி வெளியே வந்து மடலின் நெம்புகோலோடு இணைகிறது. டர்போ அழுத்திய காற்றில் கொஞ்சம் ஒரு மெல்லிய குழாய் வழியாக இந்த டப்பாவுக்கு வருகிறது. அழுத்தம் குறைவாக இருக்கும்வரை சுருள்வில்லே வெல்லும். மடல் மூடியே இருக்கும். அழுத்தம் எல்லையைத் தொட்டதும் காற்று சவ்வைத் தள்ள, கம்பி நகர, மடல் திறக்கும். அழுத்தம் தணிந்தால் சுருள்வில் மறுபடியும் மடலை மூடிவிடும். காற்று தன்னைத்தானே அளந்து, தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும். இக்காலத்தில் நடுவே ஒரு மின்வால்வை வைத்து, டப்பாவுக்குப் போகும் காற்றை எஞ்சின் கணினி கூட்டியும் குறைத்தும் விடுகிறது. சில கார்களில் இதற்கு மாறாக, உறிஞ்சு விசையால் மடலை மூடிப் பிடிக்கும் அமைப்பும் உண்டு.

1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் காரிலேயே இத்தகைய மதகு இருந்தது. ஆயினும் எஞ்சின் முன்வெடிப்பைத் தடுக்க அதற்குத் தனியாக ஒரு திரவமும் ஊற்ற வேண்டியிருந்தது. பலர் அதை ஊற்ற மறந்தனர். அடுத்த ஆண்டோடு அந்தக் கார் நிறுத்தப்பட்டது. அன்றாடம் குடும்பத்தோடு ஓட்டிச் செல்லக்கூடிய டர்போ கார் என்ற பெயரை, 1970களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு சாப் நிறுவனத்தின் 99 டர்போ பெற்றது. சிறிய டர்போவை வைத்துக் குறைந்த வேகத்திலேயே அழுத்தத்தை எழுப்பி, மிகுந்ததை மதகின் வழியே விட்டுவிடுவதே அவர்கள் கையாண்ட வழி. இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அவ்வழியிலேயே செல்கின்றன.

நம் நாட்டில் புரோட்டோன் நிறுவனம் 2011இன் இறுதியில் எக்சோரா போல்ட் வண்டியில் 1.6 லிட்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தியது. பெரோடுவா 2021 மார்ச்சில் வெளியிட்ட அத்திவா, சிலாங்கூரில் ரவாங் தொழிற்சாலையில் உருவாவது. அதன் எஞ்சின் 998 சி.சி. மட்டுமே. அதே 998 சி.சி. கொண்ட டர்போ இல்லாத அக்சியாவின் முறுக்கு விசை 91 நியூட்டன் மீட்டர். அத்திவாவிலோ அது 140. விற்பனைத் தாளில் அந்த 140க்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்: 2,400 முதல் 4,000 சுற்று வரை. எக்சோராவின் டர்போ எஞ்சினுக்கோ 205, அதுவும் 2,000 முதல் 4,000 வரை. அக்சியாவுக்கு 4,400 என்று ஒரே எண்தான் இருக்கும். எஞ்சினின் வேகம் ஏறிக்கொண்டே போக, விசை மட்டும் மேசைப் பலகைபோல் சமமாக நிற்பது எப்படி? புகை கூடக் கூட மதகும் அதற்கேற்பத் திறந்துகொண்டே போவதால்தான். அந்தச் சமமான கோடு மதகின் கைநாட்டு எனலாம்.

கெந்திங் மலை உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கோலாலம்பூரில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். சாதாரண எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியை இழந்து திணறும். டர்போ காரிலோ மதகு கீழே இருந்ததைவிடக் குறைவாகத் திறந்து, சக்கரத்தைக் கூடுதல் வேகத்தில் ஓடவிட்டு, இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

புதிய கார்கள் சிலவற்றில் காற்று டப்பாவுக்குப் பதிலாக ஒரு சிறு மின்மோட்டாரே மடலை அசைக்கிறது. அதன் பயன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதோடு நிற்பதில்லை. புகையிலுள்ள நச்சை முறிக்கும் வினையூக்கி மாற்றி 300 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் செம்மையாக வேலை செய்யும். ஆகவே காலையில் எஞ்சினைத் தொடங்கியதும் மடலை அகலத் திறந்து, சூடான புகையை நேரே மாற்றிக்கு அனுப்புகிறார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போதும் மடலைத் திறந்து வைத்தால் எஞ்சினுக்குப் புகையைத் தள்ளும் பாரம் குறைந்து பெட்ரோல் மிச்சமாகும். டீசல் பிக்அப் வண்டிகள் பலவற்றில் மடலே இல்லை. சக்கரத்தைச் சுற்றி அடுக்கியிருக்கும் சிறு தகடுகள் சாய்ந்தும் நிமிர்ந்தும் புகையின் வழியைக் குறுக்கியும் விரித்தும் அவ்வேலையைச் செய்கின்றன.

எண்ணெய் மிதியை விட்டவுடன் ‘புஸ்’ என்று ஒலி கேட்கும் வால்வையும் இதையும் இளைஞர்கள் சிலர் ஒன்றெனக் கருதுகின்றனர். அது காற்று வரும் பக்கத்தைச் சேர்ந்தது. சைலன்சருக்குள் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வைக்கும் மடலும் வேறுதான். அத்தகைய ஒலிக்காகக் குழாயை வெட்டி மாற்றுவோர், 1987ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஒலி விதிமுறைகள் நடப்பில் உள்ளன என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

இதைவிடக் கவலை தருவது மற்றொரு பழக்கம். மதகின் கம்பியில் மறை இருக்கும். அதைச் சில சுற்றுகள் முறுக்கிக் கம்பியைக் குட்டையாக்கினால் மடல் தாமதமாகத் திறக்கும், அழுத்தம் ஏறும், கார் துள்ளிப் பாயும். பத்து நிமிட வேலை, செலவும் சொற்பம். ஆனால் எஞ்சினின் பிஸ்டனும் தலைப்பகுதி அட்டையும் எண்ணெய்க் குழாய்களும் முன்பிருந்த அழுத்தத்துக்கு ஏற்பவே செய்யப்பட்டவை. தொழிற்சாலையார் வைத்த எல்லையை மாற்றியது தெரிந்தால் உத்தரவாதமும் கிடைக்காமற் போகும். ஒன்பது ஆண்டுத் தவணையில் மூன்றாம் ஆண்டு எஞ்சின் உடைந்தால் எஞ்சிய ஆறு ஆண்டும் ஓடாத காருக்கே பணம் கட்ட நேரும். அவ்வாறு கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

மதகு பழுதாவதை எப்படி அறிவது? மடல் மூடாமல் கரி படிந்து இறுகிவிட்டால் அழுத்தம் எழாது. கார் சோம்பலாக ஏறும். மடலின் அச்சு தேய்ந்துவிட்டால், காலையில் தொடங்கும்போதும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுக்கும்போதும் தகரத்தில் காசைக் குலுக்குவதுபோல் கலகலவென்று ஒலி கேட்கும். மடல் திறக்காமல் போனாலோ அழுத்தம் எல்லை மீறும். அப்போது எஞ்சின் கணினி ஆபத்தை உணர்ந்து, சக்தியை உடனே அடக்கி, எச்சரிக்கை விளக்கை ஏற்றும். என் மாணவர் கண்டது இந்த மூன்றாவது வகை. பழுதான டர்போ பாயாது. அவருடைய காரோ பாய்ந்த பிறகே அடங்கியது.

அவரைப் பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பழக்கமான மூத்த பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதலில் கைப்பம்பு ஒன்றை டப்பாவில் மாட்டிக் காற்றடித்துப் பார்த்தார். கம்பி சீராக நகர்ந்தது, விட்டதும் திரும்பியது. டப்பாவும் மடலும் நலம் என்றார். பிறகு டர்போவிலிருந்து டப்பாவுக்கு வரும் மெல்லிய குழாயை விரலால் வளைத்துக் காட்டினார். வயதாலும் சூட்டாலும் காய்ந்து, அடிப்பக்கத்தில் நகக்கண் அளவு வெடித்திருந்தது. காற்று அதன் வழியே கசிந்ததால் அழுத்தம் ஏறிய செய்தி சவ்வுக்கு எட்டவேயில்லை. ஒரு முழத்திற்கும் குறைவான புதுக் குழாயும் இரண்டு கவ்விகளும் கூலியும் சேர்த்து 60 ரிங்கிட் ஆயிற்று. டர்போவை மாற்றச் சொல்லும் எந்தப் பட்டறையிலும், முதலில் இந்தக் கைப்பம்புச் சோதனையைச் செய்து காட்டும்படி வாசகர்கள் தயங்காமல் கேட்கலாம்.

டர்போவின் தண்டு எஞ்சின் எண்ணெயின் மெல்லிய படலத்தில் மிதந்தே சுழல்வதால் எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுவதும், மலையேறி வந்தபின் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துவதும் போதிய பராமரிப்பாகும்.

அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்த மாணவரின் தந்தை, முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர், “இது நம்ம மரத்துப் பாலா?” என்று கேட்டார். இல்லை. இயற்கை ரப்பர் எண்ணெயிலும் மிகுந்த சூட்டிலும் ஊறி உப்பிக் கெட்டுவிடும். அதனால் இவ்விடத்திற்குச் செயற்கை ரப்பரே உகந்தது. பழுதுபார்ப்பவர் எஞ்சினுக்கு அடியில் விளக்கைப் பிடித்து, எஞ்சினைத் தாங்கும் கறுப்பு மெத்தைகளைச் சுட்டிக்காட்டினார். அதிர்வைத் தாங்கி மீளும் அந்த வேலைக்கு இயற்கை ரப்பரைத்தான் இன்றும் பெரிதும் விரும்புகிறார்கள் என்றார். பெரியவர் குனிந்து, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.