துன்பம் யாரையும் செதுக்குவதில்லை

டாக்குரியா, கொல்கத்தா

அன்புள்ள தம்பிக்கு,

பேச்சுப் போட்டிக்காக நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "இழப்பும் அச்சமும்தானே ஐயா, மனிதரைப் புடம் போட்ட பொன்னாக்குகின்றன?" இல்லை என்பதே என் பதில். நம் மேடைகளில் இந்தக் கருத்தைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தெருவிளக்கில் படித்து உயர்ந்தவர் என்று ஒருவரைப் புகழ்கிறவர்கள், அவர் வீட்டில் விளக்கு ஏன் இல்லாமல் போனது என்று கேட்பதில்லை. அதே விளக்கடியில் படித்தும் எழ முடியாமல் போனவர்களின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. தேறி வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, துன்பம் தேற்றியது என்று முடிவு கட்டுவது ஆராய்ச்சி ஆகாது.

சான்றுக்காக வெகுதூரம் போக வேண்டாம். சியால்டாவிலிருந்து தெற்கே போகும் புறநகர் ரயிலில் பாலிகஞ்சுக்கு அடுத்த நிலையம் டாக்குரியா, அதற்கடுத்தது ஜாதவ்பூர். இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இந்தத் தென்கொல்கத்தாவின் பல பகுதிகள், 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வீடும் நிலமும் இழந்து வந்தவர்கள் குடியேறிக் கட்டியவை. ஜாதவ்பூருக்கு அருகே, உலகப்போருக்குப் பின் கைவிடப்பட்டுக் கிடந்த ராணுவக் கொட்டகைகளில் பிஜய்கட் குடியிருப்பு எழுந்தது. 1950 முடிவதற்குள் மேற்கு வங்காளத்தில் இப்படி 149 குடியிருப்புகள், யாருடைய அனுமதியும் இல்லாமல். நிலச்சொந்தக்காரர்களின் அடியாட்கள் இரவில் வந்து குடிசைகளைப் பிரிப்பார்கள். வருவது தெரிந்ததும் பெண்கள் சங்கு ஊதுவார்கள்; ஊரே திரண்டு வரும். அச்சம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் அந்த அச்சத்துக்கு ஒரு சங்கொலி இருந்தது, கேட்டு ஓடிவர அண்டை வீடு இருந்தது, மறுநாள் கூடிப் பேச ஒரு குழு இருந்தது. 1950இல் அகதிகளுக்கென ஒரு மத்தியப் பேரவையே அமைந்துவிட்டது. தனியாக ஒரு குடிசையில் படுத்திருந்தவனுக்கு அதே அச்சம் ஓடச் சொல்லியிருக்கும். இங்கே அது ராக்காவலாக மாறியது. மாற்றியது அச்சமல்ல, அதைச் சுற்றி இருந்த ஏற்பாடு.

"அப்படியானால் அவர்கள் மனவலிமை கணக்கில் வராதா?" என்று நீ கேட்பாய். அதற்குத்தான் இன்னொரு கூட்டத்தின் கதையைச் சொல்கிறேன். முதலில் வந்தவர்களில் பலர் படித்தவர்கள், மேல்சாதியினர், நகரத்தில் உறவினர் உள்ளவர்கள். 1950இல் கிழக்கு வங்காளத்தில் நடந்த கலவரங்களுக்குப் பின் வந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினரான நாமசூத்திர உழவர்கள். அவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின் கீழ் பஸ்தர், கோராபுட் பக்கத்துக் காடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆற்றுப்படுகையில் நெல் விளைத்தவர்களுக்குக் கிடைத்தது கல்லும் வறட்சியும். பிரிந்த தேசம் ஒன்றே, இழந்த இழப்பும் ஒன்றே. 1978இல் அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வந்து சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் குடியேறினார்கள். அரசு உதவியில்லாமல் சாலை போட்டார்கள், பள்ளியும் மருந்தகமும் அமைத்தார்கள், மீன் வளர்த்தார்கள். பிஜய்கட்டில் செய்யப்பட்டது எதுவோ அதையே செய்தார்கள். 1979 சனவரியில் அரசு அந்தத் தீவைச் சுற்றி வளைத்து உணவும் குடிநீரும் போகாமல் தடுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதத்தில் குடிசைகள் எரிக்கப்பட்டு எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். தம்பி, இந்த இரண்டு கூட்டங்களையும் அருகருகே வைத்துப் பார். உழைப்பில் குறைவா, துணிவில் குறைவா? ஒன்று மாநகரமானது, மற்றொன்று அழிக்கப்பட்டது. வேறுபாடு அவர்கள் மனத்துக்குள் இல்லை.

நம் மக்களுக்கும் இது நேர்ந்ததுதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளரில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள் காலூன்றினார்கள். பழக்கமே இல்லாத வியாபாரத்துக்கென்று கடன் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் பலர் திசைகெட்டார்கள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாக மரம் வெட்டியவர்களும் உண்டு.

இந்த இடத்தில் திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக்கைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1960இல் வந்த அவருடைய 'மேகே டாக்கா தாரா' தென்கொல்கத்தா அகதிக் குடியிருப்பில் நடக்கும் கதை. அதைப் பெண்ணின் தியாகத்தைப் போற்றும் படம் என்று எழுதுகிறவர்கள் படத்தைக் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை என்பது என் முடிவு. கதாநாயகி நீதாவின் வீட்டில் எல்லோருக்கும் இழப்பு ஒன்றுதான். ஆனால் அது தாயை வயிற்றுக்கணக்குப் பார்ப்பவளாக்குகிறது, தந்தையைச் செயலற்றவராக்குகிறது, தங்கையை அக்காளின் காதலனையே மணக்க வைக்கிறது. அண்ணன் ஷங்கர் பெரும் பாடகன் ஆகிறான். அவனைத் துன்பம் பாடகனாக்கியது என்று நீ சொல்வாயா? அவன் சாதகம் செய்த ஆண்டுகளில் சோறு போட்டது நீதாவின் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு உழைத்த நீதாவோ காசநோயோடு ஷில்லாங் மருத்துவமனைக்குப் போகிறாள். ஒருவர் எழுந்தார் என்றால் யார் தோள்மீது ஏறி எழுந்தார் என்று கேட்கச் சொல்கிறது இந்தப் படம். கட்டக்கும் டாக்காவில் பிறந்து ஊரை இழந்தவர்தான். பிரிவினைதான் அவரைக் கலைஞராக்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் 1952இல் எடுத்த முதல் படம் 'நாகரிக்', 1976இல் ஐம்பது வயதில் அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது. முழுநீளப் படங்களாக அவர் முடித்தவை எட்டு. அந்த இழப்பு நமக்குக் கொடுத்ததை எழுதுகிறவர்கள், எடுக்காமல் போன படங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உன் கட்டுரையின் நாயகனான மனோரஞ்சன் பியாபாரியை நீ எனக்கு எதிராக நிறுத்துவாய் என்று தெரியும். கிழக்கு வங்காளத்துப் பரிசாலில் பிறந்து, குழந்தையாக அகதி முகாமுக்கு வந்து, பள்ளிக்கூடமே காணாமல், சிறைக்குப் போய், ரிக்‌ஷா இழுத்து, எழுத்தாளரானவர். இதைவிடப் பெரிய சான்று உண்டா என்பாய். அவருடைய தன்வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். முகாமின் பசியில் தம் சகோதரி ஒருத்தி இறந்ததை அவர் எழுதுகிறார். அவரைச் செதுக்கியதாக நீ சொல்லும் அதே பசி அவளைக் கொன்றது. அவருக்கு எழுத்து வந்தது பட்டினியால் அல்ல. சிறையில் மூத்த கைதி ஒருவர் மண்ணில் எழுதிக் கற்றுக்கொடுத்ததால். பின்னர் தம் ரிக்‌ஷாவில் ஏறிய ஒரு பேராசிரியையிடம் ஒரு வங்கச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். அந்த அம்மையார் மகாஸ்வேதா தேவி. தாம் நடத்திய 'பர்த்திகா' இதழில் எழுதச் சொன்னார். அவர் வேலை பார்த்த கல்லூரி எங்கே இருந்தது தெரியுமா? பிஜய்கட்டில், அகதிகளின் குடியிருப்பில். எழுதத் தொடங்கிய பிறகும் பியாபாரி பல ஆண்டுகள் ஒரு பள்ளியில் சமையல் வேலைதான் செய்தார். அவருடைய அறிவும் பிடிவாதமும் பெரியவை. அதை யாரும் மறுக்கவில்லை. அவற்றுக்கு வழி திறந்தது மூத்த கைதியும் இதழும்தான்.

இன்னொரு மறுப்பும் உண்டு, அதுதான் கடினமானது. துன்பப்பட்டவர்களே "அது என்னை நல்லவனாக்கியது" என்று சொல்கிறார்களே? மதிக்கத்தக்க வார்த்தை, வாழ்வதற்கு அது அவர்களுக்குத் தேவைப்படலாம். ஆனால் பட்டவர் தமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலை, படாதவர் பொதுவிதியாக்கக் கூடாது. அமெரிக்காவில் பட்ரீசியா ஃபிரேசியரும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களைத் துயர நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். தாம் வளர்ந்ததாக மாணவர்கள் நம்பியதும் அளவையில் தெரிந்த மாற்றமும் பெரும்பாலும் பொருந்தவில்லை. இந்த விதியை நம்புகிற சமூகம் அகதி முகாமில் பள்ளி கட்டாது, துன்பமே பாடம் சொல்லித்தரும் என்று விட்டுவிடும். எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

உன் கட்டுரையைத் தூக்கிப் போடாதே, திருத்து. பியாபாரியின் தன்வரலாறு ஆங்கிலத்தில் 2018இல் வந்திருக்கிறது. அதை முழுதாகப் படி. அவர் பட்ட அடிகளுக்கு நீ கொடுத்திருக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது அந்த மூத்த கைதிக்கும், 'பர்த்திகா'வுக்கும், பசியால் இறந்த சகோதரிக்கும் கொடு. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியன்