சேர்வரின் மணிக்கூடு பிழைத்தால்: தீவகத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு பழைய மேசைக் கணினியை வீட்டுச் சேர்வராக மாற்றுவது சுலபம். கமராப் பதிவைச் சேமிக்கலாம், ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைகளோடு படங்களைப் பகிரலாம், கடைக் கணக்குக்குப் பிரதி எடுத்து வைக்கலாம். ஆனால் அதன் நேரம் பிழைத்தால் எல்லாமே குழம்பிவிடும். விடியற்காலை 5.30க்கு வாசலில் நடந்தது நள்ளிரவு 12 மணிக்கு நடந்ததாகப் பதிவாகும். அந்தப் பதிவைப் பொலிஸில் காட்டினால் நேரத்தை நம்ப மாட்டார்கள். இரவில் ஓட வேண்டிய பிரதியெடுப்பு பகலில் ஓடி டேற்றாவைத் தின்னும்.

இதைத் திருத்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற்றிக் கூப்பிடத் தேவையில்லை. ஒரு திருப்புளியும் ஒரு நாணயப் பற்றரியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு மணிக்கூடு

கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு மணிக்கூடு இருக்கிறது. விநாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் பளிங்கு அதை ஓட்டுகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் நாணயப் பற்றரியே அதற்கு உயிர். இரண்டாவது மணிக்கூடு இயங்குதளத்துக்குள் இருக்கிறது. கணினி எழும்பும்போது இது பலகை மணிக்கூட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

பலகை மணிக்கூட்டுக்குத் தெரிந்தது திகதியும் மணியும் மட்டும்தான். அது எந்த ஊர் நேரம் என்று அதற்குத் தெரியாது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அதையே ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. பிணக்கு தொடங்குவது இங்கேதான்.

ஒரு நாட்டில் இரண்டு நேரம்

நேர வலயம் சொல்லாத நேரம் எவ்வளவு குழப்பம் தரும் என்பதை எங்கள் மக்கள் பத்து வருடம் அனுபவித்தார்கள். மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே 25 அன்று அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26 அன்று அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் நாடு மீண்டும் பழைய 5.30க்கு வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து போனவர் முகமாலை தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே வைத்து, ஓமந்தை தாண்டியதும் மறுபடி முன்னே வைக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் 'பத்து மணிக்கு வாருங்கள்' என்றால் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்காமல் போக முடியாது.

சேர்வரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆகவே, விண்டோஸ் மட்டும் ஓடும் பெட்டியைத் தவிர, பலகை மணிக்கூடு எப்போதும் உலகப் பொது நேரத்தில் ஓடட்டும். ஊர் நேரம் திரையில் காட்டுவதற்கு மட்டும் இருக்கட்டும். நாளைக்கு அரசாங்கம் நேரத்தை மறுபடி மாற்றினாலும் சேமித்த பதிவு ஒன்றும் பிழையாகாது.

படி 1: வித்தியாசத்தை அளவெடுங்கள்

எதையும் தொடுவதற்கு முன், கைத்தொலைபேசி நேரத்தையும் சேர்வர் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்தின் அளவே நோயைச் சொல்லிவிடும்.

- சரியாக 5.30 மணி பின்னே: வலயம் அமைக்கப்படவில்லை, அல்லது உலக நேரத்தில் ஓடும் பலகையை விண்டோஸ் ஊர் நேரமாக வாசிக்கிறது.
- சரியாக 5.30 மணி முன்னே: ஊர் நேரத்தில் ஓடும் பலகையை லினக்ஸ் உலக நேரமாக வாசிக்கிறது.
- அரை மணி முன்னே: கருவியின் வலயப் பட்டியல் 2006க்கு முந்தியது, கொழும்பை இன்னும் 6.00 என்று வைத்திருக்கிறது.
- இரண்டரை மணி முன்னே: கமராவோ பதிவுப் பெட்டியோ சீன நேரத்தில் நிற்கிறது.
- வருடத்தில் இரண்டு தடவை மட்டும் ஒரு மணி நேரம் துள்ளுகிறது: கனடாவிலோ ஐரோப்பாவிலோ அமைத்துக் கொண்டுவந்த பெட்டி, அந்த ஊர் வலயம் இன்னும் மாறவில்லை.
- வருடமே பிழை: பற்றரி செத்துவிட்டது.
- சில விநாடி, நாளுக்கு நாள் கூடுகிறது: பளிங்கின் இயல்பான பிசகு.

கடைசி வகைக்குப் பயப்பட வேண்டாம். சாதாரணப் பளிங்கு பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 விநாடி வரும். 25 பாகை வெப்பத்தில்தான் பளிங்கு நன்றாக ஓடும். தகரக் கூரையின் கீழ் வெக்கையில் வைத்தால் இன்னும் பிந்தும்.

படி 2: பற்றரியை மாற்றுங்கள்

நெடுந்தீவும் நயினாதீவும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாதவை. அங்கே தீவுக்குள்ளேயே மின்சாரம் பிறக்கிறது. மின்சாரம் நிற்கும்போதெல்லாம், பெட்டியைக் கழற்றி வைத்திருக்கும்போதெல்லாம், பலகை மணிக்கூடு பற்றரியில்தான் ஓடும். பெரும்பாலான பலகைகளில் இருப்பது சீஆர் 2032 என்ற 3 வோல்ற் நாணயப் பற்றரி.

முதலில் பயோஸ் எனப்படும் தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கங்களைக் (போகும் வழி படி 3இல்) கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்; பற்றரி கழன்றால் அமைப்புகள் அழியலாம். கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, மின்பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். வெறும் கையால் பெட்டியின் இரும்பைத் தொட்ட பிறகு பற்றரியின் பக்கத்துக் கொளுக்கியை மெல்ல விலக்கினால் அது துள்ளி வரும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை அழுத்துங்கள். உப்புக் காற்று பட்டுப் பிடியில் பச்சைப் பாசிபோல் படிந்திருந்தால், ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். பழைய பற்றரியைக் குழந்தைகளின் கைக்கு எட்ட விடாதீர்கள். விழுங்கினால் உயிராபத்து.

மேசைக் கணினிக்குப் பதிலாக ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வைத்திருந்தால், அதன் 4ஆம் பதிப்பு வரையான பலகைகளில் இந்த மணிக்கூடே கிடையாது. அதற்கு டீஎஸ் 3231 என்ற சிறு மணிக்கூட்டுப் பலகையைப் பொருத்துங்கள். வருடத்துக்கு ஒரு நிமிடமளவுதான் பிசகும். ராஸ்பெரி பை 5இல் மணிக்கூடு உண்டு, பற்றரியைத் தனியே வாங்க வேண்டும்.

படி 3: பலகைக்கு உலக நேரம் கொடுங்கள்

லினக்ஸ் மட்டும் ஓடும் பெட்டி என்றால், கணினி எழும்பும்போது டிலீற் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயோஸுக்குள் போங்கள். ஊர் நேரத்திலிருந்து 5.30ஐக் கழித்து எழுதுங்கள். காலை 6.30 என்றால் 1.00. திகதியில் கவனம் வேண்டும்: 10ஆம் திகதி விடியற்காலை 4.00 மணிக்கு இதைச் செய்தால் 9ஆம் திகதி 22.30 என்று எழுத வேண்டும்.

விண்டோஸ் மட்டும் ஓடினால் பலகையை ஊர் நேரத்திலேயே விடுங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் விண்டோஸை லினக்ஸின் வழிக்குக் கொண்டுவருவதே நல்லது. ரெஜிஸ்ரியில் நேர வலயத் தகவல் பகுதியில் 'ரியல்ரைம்இஸ்யூனிவேர்சல்' என்று ஆங்கிலத்தில், இடைவெளியின்றி ஒரு டீவேர்ட் உருவாக்கி மதிப்பை 1 ஆக்குங்கள்.

படி 4: கொழும்பு வலயத்தைத் தெரிவுசெய்யுங்கள்

லினக்ஸில் 'ரைம்டேற்சீரீஎல்' கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றி அடியுங்கள். ஊர் நேரம், உலக நேரம், பலகை நேரம் மூன்றும் வரிவரியாக வரும். பின்னிரண்டும் ஒன்றாக இருந்தால் படி 3 சரி. வலயமாக ஏசியா/கொழும்பு அமையுங்கள். விண்டோஸில் அதன் பெயர் ஸ்ரீ ஜயவர்த்தனபுர.

இன்றைக்கு ஒரே நேரம்தானே என்று இந்தியாவின் கொல்கத்தா வலயத்தைத் தெரிவுசெய்யாதீர்கள். 1996க்கும் 2006க்கும் இடையிலான நேர மாற்றங்கள் கொழும்பு வலயத்தின் அட்டவணையில் பதிந்திருக்கின்றன. உலக நேரத்தில் சேமித்த 2003ஆம் ஆண்டு மின்னஞ்சல் ஒன்றைக் கொல்கத்தா வலயத்தில் திறந்தால், அன்று யாழ்ப்பாணத்துச் சுவர் மணிக்கூடு காட்டியதைவிட அரை மணி குறைவாகத் தெரியும். அதே காலத்தில் கிளிநொச்சியில் எழுதிய ஆவணம் என்றால் மறுபக்கம்: அதற்கு 5.30 வலயமே பொருந்தும். குடும்ப ஆவணங்களைச் சேமிப்பவர்கள் எந்த ஊரில் எழுதியது என்பதையும் சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

படி 5: இணையத்தோடு நேரம் ஒத்துப்போகட்டும்

ரௌட்டர் வழியாக நேரச் சேர்வரோடு தானாக ஒத்துப்போகும் வசதியைத் திறந்து விடுங்கள். அதற்கு மிகச் சிறிதளவு டேற்றாவே போகும். இணையம் விட்டுவிட்டு வரும் இடத்தில் லினக்ஸுக்கு 'குரோனி' என்ற மென்பொருள் மிக ஏற்றது. பளிங்கு எவ்வளவு பிசகுகிறது என்பதைப் படித்து, தொடர்பு இல்லாத நேரத்திலும் திருத்திக்கொண்டே இருக்கும். விண்டோஸில் பிழை 15 மணி நேரத்தைத் தாண்டினால் அது தானாகத் திருத்த மறுக்கலாம். முதலில் கையால் கிட்டத்தட்டச் சரியாக வையுங்கள். இணையமே இல்லாவிட்டால் யூஎஸ்பி ஜீபீஎஸ் வாங்கிச் சன்னலோரம் வைக்கலாம். மீன்பிடிப் படகுக்கு வழிகாட்டும் அதே செய்மதிகள் நேரத்தையும் தரும்.

பிரதியெடுப்பு போன்ற வேலைகளை நேரம் ஒத்துப்போன பிறகே தொடங்கும்படி அமையுங்கள். டொக்கர் மென்பொருளைப் பயன்படுத்தினால், அதற்குள் ஓடும் கொள்கலன்கள் தனியே உலக நேரத்தில் ஓடும் வழக்கமுடையவை. ஒவ்வொன்றுக்கும் வலயத்தைச் சொல்ல வேண்டும்.

படி 6: சோதியுங்கள், எழுதி ஒட்டுங்கள்

ரௌட்டரை நிறுத்துங்கள். சேர்வரை நிறுத்தி வயரைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் இணையம் இல்லாமலே எழுப்பிப் பாருங்கள். சில விநாடிக்குள் சரியாக இருந்தால் பற்றரியும் அமைப்பும் நல்லவை.

கடைசியாக ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள்: பற்றரி மாற்றிய திகதி, பலகையில் உலக நேரமா ஊர் நேரமா, வலயம் கொழும்பு. அடுத்த தடவை பெட்டியைத் திறப்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவோ பக்கத்து வீட்டுத் தம்பியாகவோ இருக்கலாம். அந்த மூன்று வரி இருந்தால் அவர் எதையும் ஊகிக்கத் தேவையில்லை.