பிக்கப் வண்டியின் பின்புறத்தை உயர்த்தல்

நெல் மூடைகளுடன் வயற்பாதையிற் செல்லும் பிக்கப் வண்டியின் அடிப்பாகம் மேட்டில் உரசுமாயின், அதனை உயர்த்தக் கமக்காரர் எண்ணுவது இயல்பே. முதலில் வண்டியைச் சுமையின்றிச் சமதரையில் நிறுத்தி, ஸ்பிரிங் பிளேட்டுகளைப் பார்த்தல் வேண்டும். அவை வளைவிழந்து தளர்ந்திருப்பின், வேண்டுவது உயர்த்தலன்று, புதிய பிளேட்டுகளே.

அச்சுக்கும் பிளேட்டுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தல் மலிவானது. ஆயினும் தாங்கும் வலுவைச் சிறிதும் கூட்டாது. முன் அச்சில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. பிளேட்டின் முனையைச் சட்டத்துடன் இணைக்கும் சக்கிளை 2 அங்குலம் நீட்டினால், ஏறத்தாழ 1 அங்குல உயரமே கிடைக்கும். மேலதிக பிளேட் ஒன்றைச் சேர்த்தால் உயரமும் வலுவும் கூடும்; வெறும் வண்டி சற்றுக் குலுங்கும். மூடை சுமப்போர்க்கு இதுவே ஏற்றதென்பது எமது கருத்து. எனினும், குறித்த அளவுக்கு மேல் சுமையேற்ற இது அனுமதியன்று.

இவற்றுள் எம்முறையாலும் பின்னச்சின் நடுவிலுள்ள டிபரென்சியல் உருண்டை அணுவளவும் உயராது. உரசுவது அதுவாயின், பெரிய ரயரே வழி.

உயர்த்தியபின் பிரேக் குழாய் இழுபடுகின்றதா எனப் பார்க்க. சில வண்டிகளில், சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று அச்சுடன் தொடுக்கப்பட்டிருக்கும். பின்புறம் உயர்ந்ததும் அது, வண்டியிற் சுமை குறைந்ததுபோல் இயங்கிப் பின் பிரேக்கின் வலுவைக் குறைத்துவிடும். மூடைகளுடன் இறக்கத்தில் செல்லுமுன் அதனைத் திருத்துநரைக் கொண்டு சரிசெய்வித்தல் வேண்டும்.