பச்சையை எளிதில் பூசாதே



தங்கையே, மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலைக்கு வந்திருக்கிறாய். கணினியைத் திறப்பதற்கு முன் 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் நடந்ததைப் படி. முண்டக்கைக்கு மேலே சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் மலை பெயர்ந்தது. மண்ணும் பாறையும் மரமும் ஆற்றோடு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடின. சூரல்மலையில் அடித்துச் செல்லப்பட்ட வீடுகளும் கடைகளும் ஆற்றங்கரையில் இருந்தவை. சரிவுக் கோணத்தை மட்டும் வைத்து நிறம் கொடுத்தால் அப்படிப்பட்ட இடங்கள் ஆபத்தில்லை என்று காட்டும் பச்சையாகத்தான் வரும்.

ஆகவே எந்தச் சரிவு பெயரும் என்பதோடு நிறுத்தாதே. பெயர்ந்தது எந்த ஓடை வழியாக, எவ்வளவு தூரம் வரும் என்பதையும் கணக்கிடு. மலையில் வீடு கட்டத் தட்டையான நிலம் பெரும்பாலும் ஓடைக்கரையில்தான் கிடைக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் நடந்த மண்சரிவில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 70 பேரை இழந்தன. அவர்களுடைய வரிசை வீடுகளான லயங்களும் மலையடியில்தான் இருந்தன.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. ஒரு கட்டம் 30 மீட்டர். சிற்றோடையும், சாலைக்காக வெட்டிய மண்சுவரும் அதில் தெரியாது.

சரிவைத் தூண்டும் மழையை மதிப்பிடுவதுதான் பெரிய சிக்கல். மழைமானிகள் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும், முகட்டில் இராது. தூரத்தை மட்டும் எடையாகக் கொள்ளும் இடைமதிப்பீட்டுக்கு, இரண்டு மானிகளுக்கு நடுவே மலை நிற்பது தெரியாது. காற்று மோதும் பக்கமும் மழைமறைவுப் பக்கமும் அதற்கு ஒன்றே. உயரத்தையும் சேர்த்துக் கிரிகிங் என்ற புள்ளியியல் இடைமதிப்பீட்டைச் செய். ஒவ்வொரு மானியாக நீக்கி, அங்கே பெய்த மழையை மற்றவற்றிலிருந்து கணித்து, அளந்ததோடு ஒப்பிட்டுப் பார். கிரிகிங் தரும் பிழை வரைபடத்தை ஒருபோதும் ஒளிக்காதே. மானியே இல்லாத மலைமேல் சீராகப் பரவும் நிறத்தைப் பார்க்கும் அதிகாரி, அங்கே யாரோ அளந்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். அதை நம்பி வீட்டுமனைக்கு அனுமதி கொடுப்பார்.

பழைய சரிவுகளைத் தேடி நட. முண்டக்கைக்கு மேலே பெயர்ந்ததும் முன்பு சரிந்த இடமே. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேள்: எந்த ஊற்று திடீரென்று கலங்கியது, எந்தத் தரை விரிசல் விட்டது என்று அவர்கள் சொல்வார்கள்.

இலங்கையின் மீரியபெத்த தோட்டத்தில் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்தபோதும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். உன் வரைபடத்தை அலுவலகத்தில் ஒப்படைத்ததோடு விட்டுவிடாதே, தங்கையே. ஒவ்வொரு வீடும் தெரியும் அளவில், தமிழில் அச்சிட்டு, அங்கே குடியிருப்பவர்களின் கையில் கொடு.